நோட்-ரெட்டுக்குள் பைதான் ஸ்கிரிப்ட் ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னதாக ஒரு கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பிற்பகலில் கடையின் பின்பக்கம் ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடுவோம். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் சிலர், செம்பனைச் சிறுதோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்யும் ஒரு தங்கை. எல்லாரும் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியிலோ பழைய மடிக்கணினியிலோ நோட்-ரெட் போட்டு எதையாவது செய்கிறவர்கள். மழை அளக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்க்கிறார்கள், தமிழில் அறிவிப்பு சொல்ல வைக்கிறார்கள்.

நோட்-ரெட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நிரலை எழுதாமல், பெட்டிகளை வைத்து அவற்றுக்கிடையே கோடு இழுத்து இணைக்கும் சூழல் அது. ஐபிஎம்மில் வேலை செய்த நிக் ஓலியரியும் டேவ் கான்வே-ஜோன்ஸும் 2013-இல் தொடங்கியது. இன்று ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையின் கீழ் இருக்கும் திறமூலத் திட்டம். பெட்டிகளால் முடியாத வேலைக்கு வெளியிலிருக்கும் ஸ்கிரிப்டை, அதாவது பைதான் போன்ற நிரல்மொழியில் எழுதிய சிறு நிரலை, கூப்பிட 'எக்ஸெக்' என்று ஒரு பெட்டி உண்டு. எங்கள் மேசைக்கு வரும் கேள்விகளில் பெரும்பாதி அந்த ஒரு பெட்டியைப் பற்றியது. கேட்டவற்றையும் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தாகத் தட்டுங்கள்.

அண்ணே, டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஓடுகிற ஸ்கிரிப்ட் நோட்-ரெட்டில் மட்டும் ஏன் ஓடமாட்டேன் என்கிறது?

மற்ற எல்லாக் கேள்விக்கும் தாய் இந்தக் கேள்விதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் நிரைக்கு மாற்றாளை அனுப்புவார்கள். வருகிறவர் கெட்டிக்காரர்தான், வெட்டத் தெரிந்தவர்தான். ஆனால் எந்த மரத்தில் பால் விழும் மங்கு (கிண்ணம்) உடைந்திருக்கிறது, பால் வாளியை எந்த மேட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அப்பா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புவார்.

எக்ஸெக் பெட்டி உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டும்போது நடப்பதும் இதுதான். டெர்மினலில் ஓட்டியது நீங்கள். நோட்-ரெட்டில் ஓட்டுவது ஒரு மாற்றாள். உங்கள் பெயரில் ஓடாமல் இருக்கலாம். நீங்கள் நின்ற ஃபோல்டரில் அது நிற்காது. டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் உங்கள் பாஷ் அமைப்புக் கோப்பில் நீங்கள் சேர்த்து வைத்த பாத் (கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்கள்) எதுவும் அதற்குத் தெரியாது. நோட்-ரெட், பின்னணியில் தானாக ஓடும் சர்வீஸாகத் தொடங்கும்போது அந்தக் கோப்பை யாரும் படிப்பதில்லை.

சந்தேகமாக இருந்தால் மாற்றாளிடமே கேளுங்கள். தொடங்கி வைக்க ஒரு இன்ஜெக்ட் பெட்டி, ஒரு எக்ஸெக் பெட்டி, வந்ததைக் காட்ட ஒரு டீபக் பெட்டி. எக்ஸெக்கில் முதலில் 'ஹூஅமை' என்று மட்டும் எழுதி ஓட்டுங்கள், யார் ஓட்டுகிறார் என்று தெரியும். அடுத்து 'பிடபிள்யூடி', எந்த ஃபோல்டரில் நிற்கிறார் என்று தெரியும். அப்புறம் 'என்வ்', அவர் கையில் என்னென்ன அமைப்புகள் இருக்கின்றன என்று நீளமாக ஒரு பட்டியல் வரும். அதே மூன்றையும் டெர்மினலில் ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் உங்கள் தகராறு இருக்கிறது. எங்கள் மேசையில் பாதிப் பிரச்சினை இந்த ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிடும்.

சரிசெய்வதும் எளிது. எதையும் முழு முகவரியோடு எழுதுங்கள். வெறும் 'பைதான்3' என்று எழுதாமல், டெர்மினலில் 'விச் பைதான்3' என்று கேட்டு வரும் முழுப் பாதையை எழுதுங்கள். ஸ்கிரிப்டின் பெயரையும் சாய்கோட்டில் தொடங்கி முழுதாக எழுதுங்கள். ஸ்கிரிப்டுக்குள் திறக்கும் கோப்புகளுக்கும் இது பொருந்தும். பலர் மறப்பது இதைத்தான். ஸ்கிரிப்ட் ஓடும், ஆனால் உள்ளே 'மழை அளவு' கோப்பைத் திறக்கிற வரியில் விழுந்துவிடும். நின்ற இடம் வேறல்லவா?

பெட்டி ஓடியதா, ஓடவில்லையா என்றே தெரியவில்லை. டீபக்கில் ஒன்றும் வரவில்லை.

எக்ஸெக் பெட்டியின் வலப்பக்கம் பாருங்கள், மூன்று முனைகள் இருக்கும். முதல் முனையில் ஸ்கிரிப்ட் அச்சிடுவது வரும். இரண்டாவதில் பிழைச் செய்தி வரும். மூன்றாவதில் முடிவு எண் வரும். முதல் முனையில் மட்டும் டீபக்கை மாட்டிவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்கிறவர்கள்தான் அதிகம். பிழைச் செய்தி இரண்டாவது முனையில் வந்து, வாங்க ஆளில்லாமல் போய்விடுகிறது. எக்ஸெக் பெட்டியை வைத்தவுடனே மூன்றிலும் மூன்று டீபக் மாட்டிவிட்டு, பிறகுதான் மற்ற வேலை. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மேசைக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

மூன்றாவது முனையில் வரும் எண்ணே பல நேரம் முழுக்கதையும் சொல்லிவிடும். 0 என்றால் ஸ்கிரிப்ட் நல்லபடியாக முடிந்தது. 127 என்றால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை. பாத் தகராறு அல்லது எழுத்துப்பிழை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, ஆனால் அதை ஓட்ட அனுமதி இல்லை. லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் தரும் எண்கள் இவை இரண்டும். 1 வந்தால் பைதான் தொடங்கிவிட்டது, நடுவில் எங்கேயோ விழுந்தது. இரண்டாவது முனையில் எந்த வரி என்று இருக்கும். 2 என்றால் பெரும்பாலும் பைதானுக்கு உங்கள் ஸ்கிரிப்ட் கோப்பே கிடைக்கவில்லை. விண்டோஸில் 9009 வந்தால் அங்கே 'பைதான்' என்ற கட்டளை கிடைக்கவில்லை என்று பொருள். பைதான் போடாத விண்டோஸ் 10, 11-இல் அந்தப் பெயரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குக் கூட்டிப்போகும் ஒரு போலிக் கோப்பு இருக்கும். அதுவும் இதே எண்ணைத் தரும்.

'அப்படி ஒரு மாட்யூல் இல்லை' என்கிறது. நான்தான் பிப் போட்டு நிறுவினேனே!

மாட்யூல் என்பது பைதானோடு சேர்க்கும் கூடுதல் நிரல்தொகுப்பு, பிப் அதை நிறுவும் கருவி. நிறுவினீர்கள், ஆனால் எந்தப் பைதானுக்கு? ஒரே கணினியில் இரண்டு மூன்று பைதான் இருப்பது சாதாரணம்.

2023 அக்டோபரில் வந்த, ராஸ்பெரி பையின் இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வொர்ம் பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகமாக வருகிறது. அதில் பைதான் 3.11. கணினியின் சொந்தப் பைதானில் பிப் மூலம் நேரடியாக எதையும் போட அது விடாது; 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்ற பொருளில் ஒரு பிழை காட்டி நிறுத்திவிடும். கணினியின் சொந்தக் கருவிகள் உடையக்கூடாது என்பதற்காகச் செய்தது அது. எனவே எல்லாரும் 'வென்வ்' என்ற தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவுகிறார்கள். அது சரியான வழிதான். டெர்மினலில் அந்தச் சூழலை 'ஆக்டிவேட்' செய்கிறீர்கள், எல்லாம் ஓடுகிறது. நோட்-ரெட்டுக்கு அந்த ஆக்டிவேட் தெரியாது.

ஆக்டிவேட் செய்யவே தேவையில்லை. வென்வ் ஃபோல்டருக்குள் 'பின்' என்ற ஃபோல்டரில் ஒரு பைதான் இருக்கும். எக்ஸெக் பெட்டியில் அந்தப் பைதானின் முழு முகவரியை எழுதுங்கள், அவ்வளவுதான். அந்தப் பைதானுக்கு அதன் மாட்யூல்கள் எங்கே இருக்கின்றன என்று தானாகவே தெரியும்.

தடையை உடைத்துப் போட ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொல்லித் தருவார்கள். வேண்டாம். இன்றைக்கு ஓடும், அடுத்த அப்டேட்டில் வேறு ஏதாவது உடையும்.

அனுமதி இல்லை என்கிறது. சூடோ போட்டால் சரியாகுமா?

சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் கட்டளை. எக்ஸெக்கில் சூடோ போட்டால், கடவுச்சொல் கேட்க அங்கே திரை இல்லை என்று நின்றுவிடும். கடவுச்சொல் கேட்காத சூடோ உள்ள கணினியில் ஓடிவிடும். அதுதான் ஆபத்து, ஏனென்றால் ஸ்கிரிப்டில் ஒரு சின்னத் தவறு இருந்தாலும் கணினி முழுவதையும் தொடும். நோட்-ரெட்டையே ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓட்டுவது இன்னும் மோசம்.

என்ன அனுமதி வேண்டும் என்று பாருங்கள். ஸ்கிரிப்டை நேரடியாகப் பெயர் சொல்லி ஓட்டுகிறீர்கள் என்றால் 'சிஎச்மாட் +எக்ஸ்' போட வேண்டும். பைதானின் பெயரைச் சொல்லி, அடுத்து ஸ்கிரிப்டைச் சொன்னால் அதுகூட வேண்டாம். கோப்பைப் படிக்க முடிந்தால் போதும். யூஎஸ்பி வழியாக ஆர்டுயினோ போன்ற கருவியைப் படிக்கிறீர்கள் என்றால், நோட்-ரெட்டை ஓட்டும் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். ராஸ்பெரி பையின் இணைப்புப் பின்களைத் தொடுகிறீர்கள் என்றால் 'ஜிபிஐஓ' குழுவில். குழுவில் சேர்த்த பிறகு நோட்-ரெட் சர்வீஸை நிறுத்தித் தொடங்குங்கள். ஒரு ப்ராசஸ், அதாவது ஓடும் நிரல், எந்தக் குழுக்களில் இருக்கிறது என்பது அது தொடங்கும்போதே முடிவாகிவிடுகிறது. இடையில் சேர்த்தால் தெரியாது. கிராணித் தங்கை ஒரு வாரம் மல்லுக்கட்டியது இந்த ஒரு மறுதொடக்கத்துக்காகத்தான்.

விண்டோஸில் எழுதி பென்டிரைவில் கொண்டுவந்த ஸ்கிரிப்ட், கோப்பு கண்ணெதிரே இருந்தும் 'கோப்பு இல்லை' என்கிறது.

வரி முடிவுக் குறிதான் காரணம். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'பைதான்3' என்று எழுதியிருப்பதன் வாலில் அந்தக் கூடுதல் குறி ஒட்டிக்கொள்கிறது. லினக்ஸ் 'பைதான்3 + கண்ணுக்குத் தெரியாத குறி' என்ற பெயரில் ஒரு நிரலைத் தேடுகிறது. அது எங்கே கிடைக்கும்?

'டாஸ்2யூனிக்ஸ்' என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் சரியாகிவிடும். விஎஸ் கோடு வைத்திருந்தால் கீழே வலது மூலையில் 'சிஆர்எல்எஃப்' என்று தெரியும். அதைத் தொட்டு 'எல்எஃப்' ஆக்கிச் சேமியுங்கள்.

மழைமானி ஸ்கிரிப்ட் டெர்மினலில் ஒவ்வொரு வரியாகக் காட்டுகிறது. நோட்-ரெட்டில் மணிக்கணக்காகக் காத்திருந்தாலும் ஒன்றும் வரவில்லை.

இதைக் கேட்டவர் செம்பனைத் தோட்டப் பெரியவர். உரம் போடுகிற நாளில் பெருமழை பிடித்தால் உரம் வாய்க்காலோடு போய்விடும் என்பதால் மழையைத் தன் கையாலேயே அளக்க நினைத்தார். அவர் வைத்திருப்பது கவிழும் வாளி மழைமானி. உள்ளே தராசு போல ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும், டிக் என்று சத்தம் கேட்கும். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஸ்கிரிப்ட் நேரத்தோடு ஒரு வரி அச்சிடும்.

மேசையில் வைத்து, ஒரு மங்குத் தண்ணீரை மெல்ல ஊற்றினோம். டிக், டிக் என்று கிண்ணம் கவிழ்கிறது. டெர்மினலில் வரி வரியாக வருகிறது. நோட்-ரெட்டில் டீபக் பக்கம் வெறுமையாகவே இருந்தது. பெரியவர் முகம் வாடிவிட்டது.

இதில் இரண்டு தகராறுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது தெரியாது, 'இதுவும் இல்லை போல' என்று திருப்பி மாற்றிவிடுவோம். எனவே இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

முதலாவது, எக்ஸெக் பெட்டியின் முறை. அதில் வெளியீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டளை முடிந்த பிறகு மொத்தமாகத் தருவது. மற்றது, ஓடும்போதே தருவது. அதற்கு 'ஸ்பான் முறை' என்று பெயர். மழைமானி ஸ்கிரிப்ட் முடியவே முடியாத ஸ்கிரிப்ட். முடிந்த பிறகு தருகிறேன் என்றால் என்றைக்குத் தரும்? ஸ்பான் முறைக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, பைதான் தன் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்வது. எதிரே டெர்மினல் இருந்தால் பைதான் ஒவ்வொரு வரியையும் உடனே விடும். எதிரே இன்னொரு நிரல் இருந்தால், ஒவ்வொரு வரிக்கும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சேர்த்து வைத்து, வழக்கமாக 8,192 பைட் நிரம்பியதும்தான் விடும். பெரியவரின் வரி ஒன்று சுமார் 20 பைட். அப்படியானால் 400 வரிக்கு மேல் சேர வேண்டும். ஒரு வரிக்கு 0.2 மில்லிமீட்டர். ஏறக்குறைய 80 மில்லிமீட்டர் மழை பெய்தால்தான் முதல் வரியே நோட்-ரெட்டுக்கு வரும்! நாங்கள் ஊற்றியதோ ஒரு மங்கு.

தீர்வு ஒரே எழுத்து. பைதானின் பெயருக்கும் ஸ்கிரிப்டின் பெயருக்கும் நடுவில் சிறுகோடு போட்டு 'யூ' என்ற சின்ன எழுத்தைச் சேருங்கள். பிடித்து வைக்காதே என்று அதற்குப் பொருள். ஸ்கிரிப்டுக்குள் அச்சிடும் வரியிலேயே 'ஃப்ளஷ்' என்பதை உண்மை என்று கொடுத்தாலும் ஆகும். சேர்த்துவிட்டு மீண்டும் ஊற்றினோம். கிண்ணம் கவிழ்ந்த அதே கணத்தில் டீபக்கில் வரி வந்தது. பெரியவர் மங்கை என் கையிலிருந்து வாங்கி, தானே இன்னொரு தடவை ஊற்றிப் பார்த்தார்.

ஸ்பான் முறைக்கு மாற்றியதும் ஜேசான் பெட்டி சில நேரம் பிழை காட்டுகிறது.

ஜேசான் என்ற வடிவத்தில் எழுதிய தரவைப் பிரித்துப் படிப்பது ஜேசான் பெட்டி. ஸ்பான் முறையில் வெளியீடு வரி வரியாக வரும் என்று உத்தரவாதம் இல்லை. துண்டு துண்டாக வரும். ஒரு துண்டில் இரண்டரை வரி இருக்கலாம், மீதி அரை வரி அடுத்த துண்டில். அரை ஜேசானைப் படிக்கச் சொன்னால் பெட்டி என்ன செய்யும்?

நடுவில் 'ஸ்ப்ளிட்' பெட்டியை வையுங்கள். வரி முடிவில் பிரிக்கச் சொல்லி, 'தொடர் ஓட்டமாகக் கருது' என்ற பொருளில் இருக்கும் தேர்வையும் குறியுங்கள். அப்போது அரை வரியை வைத்துக்கொண்டு, மீதி வந்ததும் ஒட்டி முழு வரியாக விடும். அதற்கப்புறம் ஜேசான் பெட்டி.

இன்னொன்று: ஸ்பான் முறையில் கட்டளை ஷெல் வழியாகப் போவதில்லை. குழாய்க் குறி, நட்சத்திரக் குறி, கோப்புக்குத் திருப்பிவிடும் அம்புக் குறி எதுவும் வேலை செய்யாது. அவை வேண்டுமென்றால் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, அதைக் கூப்பிடுங்கள்.

ஸ்கிரிப்ட் 'ஆன்' என்றுதான் அனுப்புகிறது, டீபக்கிலும் 'ஆன்' என்றுதான் தெரிகிறது. ஸ்விட்ச் பெட்டி மட்டும் ஏற்கவில்லை.

வாலில் ஒரு வரி முடிவுக் குறி ஒட்டியிருக்கிறது. ஃபங்ஷன் பெட்டியில் 'ட்ரிம்' செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பேலோடில் இருக்கும் வாக்கியத்தை ஸ்கிரிப்டுக்கு அனுப்பினால் முதல் சொல் மட்டும் போகிறது.

படிவம் நான்கு படிக்கும் தம்பி ஒருவன் மழை எச்சரிக்கையைத் தமிழில் பேச வைக்கும் ஸ்கிரிப்ட் எழுதினான். 'மழை வருகிறது துணியை எடுங்கள்' என்று அனுப்பினால் 'மழை' என்று மட்டும் சொல்லி நின்றது. எக்ஸெக் பெட்டி பேலோடை, அதாவது செய்தி சுமந்து வரும் உள்ளடக்கத்தை, கட்டளையின் வாலில் அப்படியே ஒட்டுகிறது. நடுவில் இடைவெளி வந்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனி உள்ளீடாகப் போகிறது. அவன் ஸ்கிரிப்ட் முதல் உள்ளீட்டை மட்டும்தான் எடுத்தது. மேற்கோள் குறிக்குள் வைத்தால் முழு வாக்கியமும் ஒன்றாகப் போகும். பேலோட் ஒரு ஆப்ஜெக்டாக இருந்தால் அதுவும் சரியாகப் போகாது. முதலில் ஜேசான் சரமாக்குங்கள்.

ஆனால் மேற்கோள் குறியோடு இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. அந்தத் தம்பி அடுத்த வாரம் டெலிகிராமிலிருந்து யார் எது அனுப்பினாலும் பேசும்படி மாற்றியிருந்தான். நான் உடனே நிறுத்தச் சொன்னேன். யாராவது வாக்கியத்துக்கு நடுவில் ஒரு அரைப்புள்ளி வைத்து, அதற்குப் பின் 'எல்லாக் கோப்பையும் அழி' என்ற கட்டளையை எழுதினால், ஷெல் அதையும் கட்டளையாகவே எடுத்து ஓட்டும். மேற்கோள் குறியை மூடிவிட்டு எழுதினால் மேற்கோளும் காப்பாற்றாது. வெளியாள் எழுதியது எதுவும் கட்டளை வரிக்குள் வரக்கூடாது. அதை ஒரு கோப்பில் எழுதுங்கள், ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைப் படிக்கட்டும். அல்லது எம்க்யூடிடி என்ற செய்தி கடத்தும் முறையில் அனுப்புங்கள். தம்பி கோப்பு வழிக்கு மாற்றிவிட்டான், இப்போது நன்றாகவே பேசுகிறது.

இதே காரணத்துக்காக நோட்-ரெட்டின் 1880 போர்ட்டைக் கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். எடிட்டருக்குள் நுழைகிறவர் ஒரு எக்ஸெக் பெட்டியை வைத்தால் உங்கள் கணினியில் எதையும் ஓட்டலாம்.

விண்டோஸ் மடிக்கணினியில் தமிழ் எழுத்து வந்தாலே ஸ்கிரிப்ட் விழுகிறது. கருப்புத் திரையில் ஓட்டினால் விழவில்லை.

தமிழில் வேலை செய்கிற நமக்கென்றே வரும் தொல்லை இது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சந்திப்பதில்லை. இரண்டாவது முனையில் 'சார்மேப்' என்ற சொல்லோடு ஒரு பிழை வரும். கருப்புத் திரைக்கு எழுதும்போது பைதான் யூனிகோடில் எழுதுகிறது. இன்னொரு நிரலுக்கு எழுதும்போது விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணையைப் பயன்படுத்துகிறது. ஆங்கில அமைப்பிலுள்ள கணினிகளில் அது பெரும்பாலும் 1252 என்ற அட்டவணை. அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லை.

விண்டோஸின் சூழல் மாறிகளில் 'பைதான்யூடிஎஃப்8' என்ற பெயரில் ஒன்று சேர்த்து மதிப்பை 1 என்று வையுங்கள். பைதான் 3.7-க்கு மேல் எல்லாவற்றிலும் வேலை செய்யும். பிறகு நோட்-ரெட்டை மூடித் திறக்க வேண்டும். ஸ்கிரிப்டில் கோப்பு திறக்கும் இடங்களிலும் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு எழுதும் பழக்கம் நல்லது.

லினக்ஸில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, ஆனால் ஸ்பான் முறையில் வேறொன்று எப்போதாவது வரும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'மழை' என்பது ம, ழ, ஐகாரக் குறி என்று 9 பைட். நீளமான தமிழ் வெளியீடு துண்டாகும்போது ஒரு குறியின் நடுவிலேயே வெட்டுப்பட்டால், அந்த இடத்தில் எழுத்து சிதையும் அல்லது சரத்துக்குப் பதில் பஃபராக (வெறும் பைட் வரிசையாக) வரும். நீளமான தமிழ் உரையென்றால் கோப்பில் எழுதி, ஃபைல் பெட்டியால் படிப்பதே நிம்மதி.

ஒரே ஸ்கிரிப்ட் பத்துப் பதினைந்து தடவை ஓடி ராஸ்பெரி பை சூடாகிவிடுகிறது.

எக்ஸெக் பெட்டிக்கு ஒரு செய்தி போனால் ஒரு புது ப்ராசஸ் தொடங்கும். முந்தையது முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை. இன்ஜெக்ட் 5 விநாடிக்கு ஒரு முறை, ஸ்கிரிப்டோ 20 விநாடி ஓடுகிறது என்றால் நாலைந்து ஸ்கிரிப்டுகள் ஒரே யூஎஸ்பி போர்ட்டுக்குச் சண்டை போடும். சென்சார் மாட்டிக்கொண்டு ஸ்கிரிப்ட் முடியாமலே போனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

பெட்டியில் 'டைம்அவுட்' என்ற இடத்தில் விநாடிக் கணக்கைக் கொடுங்கள். அதற்கு மேல் ஓடினால் பெட்டியே நிறுத்திவிடும். கட்டளையின் முன்னால் 'ஃப்ளாக் -என்' போட்டு ஒரு பூட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஒன்று ஓடும்போது இன்னொன்று தொடங்காது. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த, செய்தியில் 'கில்' என்ற பண்பை வைத்து அதே பெட்டிக்கு அனுப்பலாம். டிப்ளாய் செய்யும்போது (மாற்றிய பெட்டிகளை ஓட்டத்துக்கு விடும்போது) பெட்டி தன் ப்ராசஸ்களை நிறுத்த முயலும், ஆனால் ஷெல் வழியாகத் தொடங்கிய பிள்ளை ப்ராசஸ்கள் சில நேரம் தப்பிவிடும். 'பிஎஸ்' போட்டுப் பார்ப்பது நல்லது.

இடி மழையில் மின்சாரம் போய் வந்தால் அப்புறம் ஓடுவதில்லை. கையால் ஓட்டினால் ஓடுகிறது.

நம் ஊரில் சாயங்கால இடியோடு இதுவும் வரும். மூன்றைப் பாருங்கள்.

யூஎஸ்பி கருவியின் பெயர் மாறியிருக்கலாம். நேற்று 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று இருந்தது இன்று 1 ஆகியிருக்கும். 'டெவ்' ஃபோல்டருக்குள் 'சீரியல்', அதற்குள் 'பை-ஐடி' என்ற ஃபோல்டரில் கருவியின் மாறாத பெயர் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

நேரம் தவறாக இருக்கலாம். ராஸ்பெரி பை 4 வரை பலகையில் கடிகாரமே இல்லை. 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரி தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் இணையம் கிடைக்கும் வரை பழைய நேரத்தில்தான் ஓடும். அந்த இடைவெளியில் பதிவான மழை எல்லாம் தவறான மணியில் விழும்.

நோட்-ரெட் இணையம் வருவதற்கு முன்பே தொடங்கி, ஸ்கிரிப்ட் முதல் முயற்சியிலேயே விழுந்திருக்கலாம். இன்ஜெக்ட் பெட்டியில் 'தொடங்கியதும்' என்பதற்குப் பக்கத்தில் எத்தனை விநாடி கழித்து என்று கேட்கும். 60 கொடுத்துப் பாருங்கள்.

டாக்கரில் போட்டிருக்கிறேன். ஸ்கிரிப்ட் இருக்கிற இடமே தெரியவில்லை என்கிறது.

டாக்கர் என்பது ஒரு நிரலைக் கணினியிலிருந்து பிரித்துத் தனி அறைக்குள் ஓட்டுவது; அந்த அறைக்குக் கண்டெய்னர் என்று பெயர். உள்ளே இருக்கும் நோட்-ரெட்டுக்கு வெளியிலிருக்கும் ஃபோல்டரும் தெரியாது, வெளியில் நிறுவிய பைதான் மாட்யூலும் தெரியாது, யூஎஸ்பியும் தெரியாது. ஒவ்வொன்றையும் கண்டெய்னரைத் தொடங்கும்போதே உள்ளே இணைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ராஸ்பெரி பை வைத்திருப்பவருக்கு டாக்கர் தேவையில்லை என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் எக்ஸெக்கிலேயே செய்வது சரியா?

ஓடி முடிகிற சின்ன வேலைக்குச் சரி: ஒரு படம் எடு, ஒரு அறிக்கை தயார் செய், வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது பார். நாள் முழுக்க ஓடும் சென்சார் ஸ்கிரிப்டுக்கு வேண்டாம் என்பேன். அதை, லினக்ஸில் சர்வீஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் கீழ் தனி சர்வீஸாக ஓடவிட்டு, கிடைக்கும் அளவை மொஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி சர்வருக்கு அனுப்பச் சொல்லுங்கள். நோட்-ரெட் அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். ஸ்கிரிப்ட் விழுந்தால் சிஸ்டம்டி தூக்கி நிறுத்தும்படி அமைக்கலாம், நோட்-ரெட்டில் டிப்ளாய் செய்தாலும் மழைக்கணக்கு நிற்காது. பெரியவரின் மழைமானியைக் கடைசியில் இப்படித்தான் மாற்றினோம். எக்ஸெக் வழி அவருக்கு மூன்று வாரம் ஓடியது. ஆனால் அவர் ஃப்ளோவை (பெட்டிகளின் இணைப்பை) தொட்டுப் பழகும் ஒவ்வொரு முறையும் அளவில் ஓட்டை விழுந்தது.

கடைக்கு வர முடியவில்லை, வாட்ஸ்அப்பில் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதாமல், எக்ஸெக் பெட்டியைத் திறந்து கட்டளை முழுதாகத் தெரியும்படி ஒரு படம் அனுப்புங்கள். மூன்று முனைகளிலும் வந்ததை அனுப்புங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் தகவல்தான். 'ஹூஅமை', 'பிடபிள்யூடி' இரண்டின் விடையையும் சேருங்கள். அதே கட்டளையை டெர்மினலில் ஓட்டினால் என்ன வருகிறது என்பதையும் சொல்லுங்கள். கடவுச்சொல் எதுவும் படத்தில் தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள். பகலில் கடையில் ஆள் இருக்கும், இரவு ஒன்பது மணிக்குமேல் உட்கார்ந்து பதில் எழுதுவேன்.